நீ வரைந்த ஜன்னலைக் கேட்டு வருகிறார்கள்

நேற்றுப் பின்னேரம் அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி ஒரு பெண் என் அலுவலகத்துக்கு வந்தாள். காணிப் படம் கொண்டுவரவில்லை, அளவு கொண்டுவரவில்லை. கைபேசியைத் திறந்து ஒரு படத்தை மட்டும் என் மேசையில் வைத்தாள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொடங்கி இடுப்புக்குக் கீழேயே முடிந்துவிடுகிற ஒரு நீள ஜன்னல். அதன் முன்னால் பாய் விரித்து ஒரு குழந்தை தூங்குகிறது. குழந்தையின் முன்நெற்றி மயிர் காற்றில் எழும்பி நிற்பதுகூடப் படத்தில் தெரிந்தது.

"இந்தப் பாய் ஜன்னல்தான் எனக்கு வேணும். மத்ததெல்லாம் நீங்க எப்புடிக் கீறினாலும் சரி," என்றாள்.

சிறிய வளவுக்கு அது சரிவராது என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டேன். பொய். நீ அந்த ஜன்னலை யோசித்ததே சிறிய வளவுகளுக்காகத்தான். நீ மௌத்தாகி, மண்ணுக்குள் போய் ஒன்றரை வருடமாகிறது. நான் இன்னும் உன்னோடு போட்டி போட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் படியிறங்கிப் போன பிறகு வேலை ஓடவில்லை. மேசையில் கிடந்த தாள்களை ஒதுக்கிவிட்டு இதை எழுதத் தொடங்கினேன்.

நாம் இருவரும் ஒரே வருடம்தான் கட்டடக்கலை படிக்கப் போனோம். இந்தக் கிழக்குக் கரையிலிருந்து அந்த வகுப்பில் இருந்தவர்கள் நாம் இருவர் மட்டுமே. அதனால் ஒரே அறை, ஒரே சோற்றுப் பார்சல், நோன்பு காலத்தில் சஹர் சாப்பாட்டுக்கு எழும்ப ஒரே எலாரம். நீ மருதமுனையில் தறிச் சத்தத்துக்குள் வளர்ந்தவள். நான் கல்முனையில் புடவைக்கடைக்காரரின் மகள். உங்கள் வீட்டில் நெய்த சாரன்களை எங்கள் கடையில் விற்றிருக்கிறோம் என்பதை முதல் வாரமே கண்டுபிடித்துச் சிரித்தோம்.

எனக்குப் படம் கீறக் கை ஓடும். நான் கீறிய வீட்டின் முன்தோற்றங்களைப் பார்க்க மற்ற வகுப்புகளிலிருந்தும் வருவார்கள். உனக்குக் கோடு நேராக வராது. நீ கீறிய மரங்களை முட்டைக்கோவா என்று நாம் எல்லோரும் கேலி செய்வோம், நீயும் சேர்ந்து சிரிப்பாய். முதல் மூன்று வருடங்கள் நான் உன்மேல் உண்மையான அன்போடுதான் இருந்தேன். உன்னை விட நான் மேலே இருந்ததால் அது சுலபமாக இருந்தது என்பது இப்போது விளங்குகிறது.

கடைசி வருடம் நம் வேலைகளைப் பார்வையிட வெளியிலிருந்து மூன்று கட்டடக் கலைஞர்கள் வந்தார்கள். என் படங்களை நின்றபடி பார்த்தார்கள். அழகு என்றார்கள், நல்ல கை என்றார்கள், நகர்ந்தார்கள். உன் படங்களின் முன்னால் கதிரைகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். சுனாமிக்குப் பிறகு நம் பக்கத்தில் கட்டிக் கொடுத்த தகட்டுக்கூரை வீடுகளை எடுத்து, இருக்கிற சுவரை இடிக்காமலேயே எப்படி வெக்கையைக் குறைக்கலாம் என்று நீ காட்டியிருந்தாய். அந்த மாதிரி வீடு ஒன்றில்தான் நீ பத்து வருடம் குடியிருந்தாய். ஒருவர் உன்னிடம் எங்கிருந்து தொடங்கினாய் என்று கேட்டார். நீ சிங்களத்தில் தட்டித் தடவிச் சொன்ன பதிலை அன்றிரவு அறையில் நம் பேச்சில் எனக்குத் திருப்பிச் சொன்னாய்.

"வீட்டுக்கு முதல்ல காத்தக் கூப்பிடணும் புள்ள. மறுகாதான் ஆக்கள."

நான் ஓம் என்றேன். போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். அந்தக் கதிரைகளின் கால்கள் தரையில் உரசிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஊருக்குத் திரும்பினோம். வாப்பா எனக்குப் பிரதான வீதியில், கடைக்கு மேல்மாடியில், ஏசி பூட்டிய அலுவலகம் போட்டுத் தந்தார். நீ உங்கள் வீட்டு முன்னறையில், தறிக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டாய். என்னிடம் ஆட்கள் வந்தார்கள். வீடு கட்டி முடியுமுன்பே உள்ளே நடந்து பார்ப்பதுபோலக் கணினியில் படம் காட்டுவேன். கண்ணாடி, வெள்ளை மாபிள் தரை, ஜிப்சம் கூரையில் மறைத்து வைத்த விளக்குகள். இரண்டு வருடத்தில் பதினான்கு வீடுகள் செய்தேன். நீ செய்தது ஒன்று. அந்த ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை.

அக்கரைப்பற்றில் ஆசிரியர்களான ஒரு கணவன் மனைவிக்கு, எட்டுப் பேர்ச் வளவில், மூன்று பக்கமும் அயல்வீட்டுச் சுவர்கள் நெருக்கி நிற்க, அந்த வீட்டைக் கட்டினாய். பார்த்தவர்கள் எல்லோரும் அதைப் பற்றியே கதைத்தார்கள். நானும் பார்க்கப் போனேன். மேற்கிலிருந்து கச்சான் என்கிற வெக்கைக் காற்று அடிக்கிற காலத்தில், நடுப்பகல் லுஹர் நேரமாகப் பார்த்து, வேண்டுமென்றே போனேன். கைப்பையில் ஒரு சிறிய வெப்பமானியை மறைத்துக் கொண்டுபோனேன்.

வீட்டை நீதான் சுற்றிக் காட்டினாய். இறக்காமத்து மண்ணோடு கொஞ்சம் சீமெந்து கலந்து அச்சில் அழுத்திய கல்லில் சுவர். சூளையில் சுடவில்லை, மேலே பூசவுமில்லை. மேற்குப் பக்கத்தில் படி, களஞ்சிய அறை, குளியலறை மூன்றையும் வரிசையாக வைத்துக் கச்சானை அங்கேயே நிறுத்தியிருந்தாய். நடுவில் ஒரு பாய் அளவுக்குத் திறந்த முற்றம், அதில் விழுகிற மழை தரைக்குக் கீழே கட்டிய தண்ணீர்த் தாங்கிக்குப் போகிறது. கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிற ஊரில் அந்த வீட்டார் வருடத்தில் பாதி நாள் மழைத் தண்ணீரில் தேநீர் குடித்தார்கள். ஓட்டுக்குக் கீழே, அரிசி ஆலையில் வாங்கிய உமியைச் சுண்ணாம்பில் புரட்டி அடைத்திருந்தாய். ஜன்னல் திரைகள் உங்கள் தறியில் நெய்தவை. இருக்கைகளைச் சுவரோடு சேர்த்தே கல்லில் கட்டியிருந்தாய். சோபா என்ற பேச்சே இல்லை. கிழக்கே, கடல் பக்கம், அந்தத் தாழ்ந்த ஜன்னல். பாம்பு வருமே என்றேன். கம்பி வலையைத் தட்டிக் காட்டினாய்.

அந்த ஆசிரியை சொன்னதுதான் எனக்கு மிகவும் வலித்தது. மதிலில் கற்களை நீ சரிவாக அடுக்கி வைத்திருந்ததால் தெருவில் போகிறவருக்கு உள்ளே எதுவும் தெரியாது. "கலியாணம் முடிச்சி இத்தின வருசத்தில, தலையில துணி இல்லாம, ஜன்னலையும் சாத்தாம என்ட வீட்டுக்குள்ள காத்து வாங்கிறது இப்பதான்," என்றார். என் பதினான்கு வீடுகளில் ஒன்றிலும் ஒரு பெண் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை. விளக்கு நல்லாயிருக்கு என்பார்கள், தரை பளபளக்குது என்பார்கள்.

நீ சமையலறைக்குள் போன நேரத்தில் வெப்பமானியை எடுத்துக் கல் இருக்கையின் ஓரத்தில் வைத்தேன். தேசிக்காய் பிழிந்த தண்ணீரோடு நீ திரும்பி வந்தபோது அதை எடுக்க எனக்கு நேரமில்லை. கிளாஸை என் கையில் தந்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "எத்தன காட்டுது?" என்று கேட்டாய்.

வெளியே இருந்ததை விட ஆறு பாகை குறைவு என்றேன். நீ குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினாய். "நான் இன்னும் ரெண்டு குறையும் எண்டு நெனச்சன் கா."

நீ என்னைக் குத்திக் காட்டவில்லை. உன் கணக்கு இரண்டு பாகை பிசகியதில் உனக்கு உண்மையாகவே கவலை. அந்த நேரம் நீ என்னைக் கேலி செய்திருந்தால் நான் உன்னை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அடுத்த வருடம் நான் செய்ததை நீ அறிவாய். ஆனாலும் என் வாயால் ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

சாய்ந்தமருதில் ஒரு ஹாஜியார். இருபது வருடம் வெளிநாட்டில் உழைத்துத் திரும்பியவர். நம் பக்கத்து வழக்கப்படி மகளுக்கு வீட்டைக் கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் செய்ய வேண்டும். அக்கரைப்பற்று வீட்டைப் பார்த்து மயங்கி, வேலையை உனக்கே தருவதாக முடிவெடுத்துவிட்டார். நீ படமும் கீறிவிட்டாய். அந்த நேரத்தில், இன்னொருவரிடமும் ஒரு வார்த்தை கேட்போம் என்று அவர் என் அலுவலகப் படியேறினார். உன் படத்தை என் மேசையில் விரித்தார். அதில் பிழை எதுவும் இருக்கவில்லை. நான் படத்தை அவர் பக்கம் திருப்பி வைத்துச் சொன்னேன்.

"நல்ல படம்தான் ஹாஜியார். ஒண்டுதான் யோசின. மாப்பிள்ளை வீட்டாக்கள் இத மண் வீடு எண்டு சொல்லிருவாங்களே."

அது போதுமாயிருந்தது. அவர் முகம் சுருங்கியது. படத்தைச் சுருட்டினார். அடுத்த கிழமை வேலை எனக்கு வந்தது.

நான் அவருக்கு இரண்டு மாடியில் கட்டினேன். வீதியைப் பார்க்கிற மேற்கு முகம் முழுவதும் கண்ணாடி. கடல் பக்கம் குளியலறைகள். நான்கு ஏசி. குடிபோன அன்று மௌலூது ஓதி எல்லோருக்கும் சாப்பாடு. உன்னையும் கூப்பிட்டிருந்தார்கள், நீயும் வந்தாய். மேலும் கீழுமாக மெதுவாக நடந்து பார்த்தாய். நான் உன் பின்னாலேயே வந்தேன். உன் வாயிலிருந்து என்ன வருமென்று காத்துக்கொண்டிருந்தேன்.

"படி நல்லாரிக்கி," என்றாய்.

படி நன்றாகத்தான் இருந்தது. அந்த வீட்டில் நன்றாக இருந்தது அது ஒன்றுதான் என்பதை இருவரும் அறிவோம். நீ பொய் சொல்லவும் மாட்டாய், புண்படுத்தவும் மாட்டாய். தேடித் தேடி அந்தப் படியைக் கண்டுபிடித்திருக்கிறாய். அன்று வீட்டுக்குப் போய், குளித்துவிட்டு, அழுதேன். குற்ற உணர்ச்சி என்று எழுத ஆசையாக இருக்கிறது. அது பொறாமையில் வந்த அழுகைதான். வேலை என் கையில் இருந்தது, பெயர் என் பெயர், புகைப்படங்கள் நூறு பேர் பகிர்ந்தார்கள். அப்படியிருந்தும் நீ என்னைத் தாண்டி நின்றாய்.

பிறகு நாட்டில் மின்சாரம் பல மணி நேரம் நிற்கிற காலம் வந்தது. ஹாஜியாரின் மகள் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. ஏசி நின்று அரை மணி நேரத்தில் அந்தக் கண்ணாடி வீடு அடுப்பாகிவிடும். திறக்க ஜன்னல் இல்லை, நான் வைக்கவில்லை. பகலெல்லாம் அந்தப் பிள்ளை கீழ்த்தளத்துச் சீமெந்துத் தரையில் படுத்துக் கிடந்திருக்கிறாள், ஒருநாள் மயங்கி விழுந்தும் இருக்கிறாள். இதை எனக்குச் சொன்னது அவர்களல்ல, நீ. அவள் உன்னிடம்தான் போயிருக்கிறாள். என் அலுவலகக் கதவைத் தள்ளிக்கொண்டு, வியர்த்த முகத்தோடு வந்து நின்றாய்.

"உன்ட வீடு. நான் தனியக் கை வெக்க மாட்டன். எழும்பு, ரெண்டு பேரும் போய்ப் பாப்பம்."

அடுத்த மூன்று மாதமும் நாம் ஒன்றாக வேலை செய்தோம். கண்ணாடியில் பாதியைக் கழற்றினோம். மீதிக்கு முன்னால், ஒரு முழம் தள்ளி, துளை விட்டுக் கல் அடுக்கி நிழல் கட்டினோம். கடல் பக்கம் இருந்த ஒரு குளியலறையை உடைத்துக் கூடமாக்கி உன் ஜன்னலை வைத்தோம். என் படிக்கட்டு மேலே முட்டி நின்ற இடத்தில் கொங்கிறீட்டை வெட்டி, வெக்கை மேலே ஏறிப் போக ஒரு கூண்டு எழுப்பினாய். மொட்டைமாடிக்கு மேல் இரண்டாவதாக ஒரு லேசான கூரை, அதில் சூரியத் தகடு. மேசன்மார் உன்னைக் கேட்பார்கள், நீ என்னைக் கைகாட்டுவாய். மாநகர சபைக்குக் கொடுத்த படத்தில் என் பெயரை மட்டும் போட்டாய். ஏன் என்று கேட்டதற்கு, அவர்களுக்குப் பழைய படத்தில் இருந்த பெயர்தான் தேவை, இரண்டு பெயர் போட்டால் அலையவிடுவார்கள் என்றாய். உனக்கு அது அவ்வளவுதான். எனக்கு அந்தத் தாளில் என் பெயரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பிள்ளை பிறந்து நாற்பது நாள் முடிந்து அவள் அந்தக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்ததை நாம் இருவரும் போய்ப் பார்த்தோம். மின்சாரம் இல்லாத பகல். பிள்ளை வியர்க்காமல் தூங்கியது. அவள் என் கையைப் பிடித்து, நல்ல வேலை செய்தீர்கள் ராத்தா என்றாள். நீ பக்கத்தில் இருந்து தலையாட்டினாய். உன் குணத்தின்மேல் நான் பொறாமைப்படத் தொடங்கியது அன்றுதான். வேலையில் உன்னை எட்டிப் பிடிக்கலாம் என்று ஒரு மூலையில் நம்பிக்கை இருந்தது. இதில் எனக்கு வழியே தெரியவில்லை.

அதற்குப் பிறகு நீ அதிக காலம் இருக்கவில்லை. வயிற்றில் வலி என்றாய், கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாய், நாலாவது முறை வந்தபோது இனிப் போகத் தேவையில்லை என்றாய். உன் அறைக்கு நான் வந்த ஒரு காலை நேரம். உம்மா கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். கதவைச் சாத்திவிட்டு, ஹாஜியாரிடம் நான் சொன்ன வார்த்தையை உன்னிடம் சொன்னேன்.

"தெரியும்," என்றாய். "அண்டைக்குப் பின்னேரமே ஹாஜியார் சொல்லிட்டார்."

ஆறு வருடம். குடிபோன விருந்தில் நடந்தபோதும், என் அலுவலகக் கதவைத் தள்ளியபோதும், மூன்று மாதம் வெயிலில் என்னோடு நின்றபோதும் உனக்குத் தெரியும்.

"கோவம் வரல்லியா?"

"வந்திச்சி. இன்னும் இரிக்கி." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாய். "ஆனா அந்தப் புள்ளைக்கு வெக்கையா இரிந்திச்சே."

"என்ன மாப்புச் செய், புள்ள."

நீ என்னைப் பார்த்தாய். முகத்தில் கடுமை இல்லை. உன் கணக்கு ஒன்று சரிவருமா என்று பார்க்கும்போது அப்படித்தான் பார்ப்பாய். "இப்பயே சொன்னா வாயாலதான் வரும். கொஞ்சம் பொறு. யோசிச்சிச் சொல்றன்."

உம்மா கஞ்சியோடு கதவைத் தட்டினார். பேச்சு அதோடு நின்றது. ஐந்தாம் நாள் விடியச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு உன் தம்பி தொலைபேசி எடுத்தான்.

மையித்து வீட்டில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். அக்கரைப்பற்று ஆசிரியை வந்திருந்தார், ஹாஜியாரின் மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள், நீ வீடு கட்டிக் கொடுத்த பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். நான் கட்டிக் கொடுத்தவர்களில் இத்தனை பேர் என் மரணத்துக்கு வருவார்களா என்று, உன் மையித்தை வைத்துக்கொண்டே எண்ணினேன். அப்படிப்பட்டவள் நான். அடக்கத்துக்கு எடுக்குமுன் உன் தம்பி வாசலில் வந்து நின்று, தலையைக் குனிந்தபடி வழமையாகக் கேட்பதைக் கேட்டான்.

"ராத்தாவால ஆருக்கும் மனத்தாங்கல் இரிந்தா மாப்புச் செய்ங்க."

மாப்பு, மாப்பு என்று பெண்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். உன்னை நான் மன்னித்தேன் என்று சத்தமாகச் சொன்னேன். என்ன குற்றத்துக்கு என்று யாரும் கேட்கவில்லை. என்னை மன்னிக்க வேண்டியவள் வெள்ளைத் துணிக்குள் இருந்தாள்.

இப்போது நான் கட்டுகிற வீடுகள் குளிர்ச்சியாக இருக்கின்றன. உமி அடைக்கிறேன், மழைத் தாங்கி வைக்கிறேன், மேற்கை மூடிக் கிழக்கைத் திறக்கிறேன். ஒலுவிலில் ஒரு வீடு போன மாதம் முடிந்தது. வீட்டுக்காரர் உள்ளே வந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு, சுபஹானல்லாஹ் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. காரில் ஏறிய பிறகு, இது யாருடைய யோசனை என்று நீ கேட்பதுபோல இருந்தது. நீ ஒருநாளும் அப்படிக் கேட்கமாட்டாய் என்று தெரிந்தும், பாலம் தாண்டும்வரை உன்னோடு மனதுக்குள் சண்டை பிடித்துக்கொண்டு வந்தேன்.

நேற்று வந்த அந்தப் பெண்ணை நாளைக்குக் கூப்பிட்டு, ஜன்னலைச் செய்து தருகிறேன் என்று சொல்வேன். நல்ல மனம் வந்துவிட்டதால் அல்ல. நான் மறுத்தால் வேறொருவன் அதை அரைகுறையாகச் செய்து கெடுத்துவிடுவான்.

ஒவ்வொரு வக்துத் தொழுகைக்குப் பிறகும் உனக்காகத் துஆ கேட்கிறேன். யா அல்லாஹ், அவளுடைய கப்றுக்குழியை விசாலமாக்கு, அதை வெளிச்சமாக்கு, சுவர்க்கத்தின் காற்றை அதற்குள் வீசச்செய் என்று மனமுருகித்தான் கேட்கிறேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அங்கேயும் எனக்குக் கிடைக்கப் போவதை விட நல்ல இடம் உனக்குக் கிடைத்திருக்கும் என்ற எண்ணம் வந்து நெஞ்சில் குத்துகிறது. அந்தக் குத்தலோடேயே ஆமீன் சொல்லி, கையை முகத்தில் தடவிக்கொண்டு எழும்புகிறேன்.